தங்கச்சி ஊட்டிய சோறும் என் வலக்கையும்

ஊசி கையில் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் மடியில் கிடந்தது. பெருவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் அதை விட்டுவிட்டதை எனக்குத் தெரிவிக்கவே இல்லை. காத்தான்குடியில் பெண்களுக்கு உடுப்புத் தைத்தே காலத்தை ஓட்டியவள் நான். அந்த விரல்கள் எனக்குச் செய்த முதல் துரோகம் அது. இரண்டாவதைச் செய்தவள் என் கூடப்பிறந்தவள்.

விறைத்த கையை உதறினால் உயிர் வரும், பிறகு போய்விடும். தைலம் பூசினேன், சுடுதண்ணீரில் வைத்தேன், மாதக்கணக்கில் இழுத்தடித்தேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் தயவுசெய்து என்னைப்போல் இருக்காதீர்கள். நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்னதிர்வு கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கொண்டுபோகிறது என்று பார்ப்பது) முடிந்தபோது டொக்டரின் முகம் மாறியது. கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நுழைந்து போகும் ஒடுங்கிய வழி) இறுகி நரம்பை நெரிக்கிறதாம். பெருவிரலடிச் சதை வற்றத் தொடங்கியிருந்தது. அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

“வெட்டி விட்டா நெரிபடுறது நிக்கும். ஆனா இவ்வளவு காலம் நெரிபட்ட நரம்பு மெல்ல மெல்ல, ஆறுதலாத்தான் எழும்பும்,” என்றார்.

“முழுசா வருமா டொக்டர்?”

“பாப்பம் அம்மா.”

விறைப்பூசி போட்டு, நான் விழித்திருக்கவே உள்ளங்கையைக் கீறி முடித்தார்கள். சத்திரசிகிச்சை பெரிய பாடில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு. கையைத் தலையணைகளின் மேல் உயர்த்தி வைக்க வேண்டும். கட்டு நனையாமல் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு குளிக்க வேண்டும். விரல்களை மட்டும் மடக்கி விரிக்க வேண்டும். தலை வாரவோ, போத்தல் மூடி திறக்கவோ முடியாது. சோறுதான் பெரிய பிரச்சினை. இடக்கையால் சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. கரண்டியை இடக்கையில் பிடித்தாலும் தொண்டையில் இறங்கவில்லை.

தங்கச்சி பாயிஸா ஊட்டினாள். எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். எங்கள் உம்மாவும் வாப்பாவும் ஒரே வளவில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டித் தந்திருந்தார்கள். மூன்று நேரமும் அவள் சோற்றுக் கோப்பையோடு வந்தாள். வாவி மீனில் முள் பார்த்து, சோற்றில் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக வாயில் வைத்தாள். உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

“தைக்க வாற ஆக்கள நான் பாத்துக்கொள்றன் ராத்தா. நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க,” என்றாள். ராத்தா என்றால் அக்கா. அவளுக்குத் தைக்கத் தெரியும். அளவெடுத்துத் துணி வெட்டுவதெல்லாம் நான்தான். கை ஆறியதும் வருவேன் என்று ஆட்களிடம் சொல்லிவை என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கையில் போட்ட தையலைக் கழற்றிய பிறகு, என்னிடம் நெடுங்காலமாக உடுப்புத் தைக்கக் கொடுக்கும் ஓர் ஆசிரியை நோய் பார்க்க வந்தார். என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார்.

“கை இனிச் சரிவராதெண்டு பாயிஸா சொல்லி அழுதாவே. இனி மிஷின்ல இரிக்க மாட்டீங்களாம். எல்லாத்தயும் தான்தான் எடுத்துச் செய்யிறாவாம்.”

அவரை அனுப்பிவிட்டு, தங்கச்சி வரும்வரை காத்திருந்தேன். பகல் சோற்றுக் கோப்பையோடு பாயிஸா வந்தாள்.

“எண்ட கையப் பத்தி ஊருக்கு நீ என்ன சொல்லித் திரியிறா?” என்று கேட்டேன்.

அவள் மறுக்கவில்லை. “எனக்கு மூணு பொம்புளப் புள்ளைகள். மூணு ஊடு கட்டணும். உங்களுக்கு ரெண்டும் ஆம்புளப் புள்ளைகள். அவனுகளுக்கு வாற பொண்டாட்டிமார்ர ஊடு இரிக்கி. இனி என்னத்துக்கு உங்களுக்கு இந்தத் தொழில்?”

“அதுக்காக எண்ட கையக் கொல்லுவியா?”

அவள் சோற்றை உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினாள். “சாப்பிடுங்க ராத்தா, ஆறுது.”

நான் வாயைத் திறக்கவில்லை. மாலையில் கணவரிடம் சொன்னேன். “தெரியும்,” என்றார். “கை ஆறட்டும் எண்டுதான் சொல்லல்ல.” ஊரே அறிந்த சங்கதி. என் கையைப் பற்றி எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்திருக்கிறது. அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அதன்பிறகு வலக்கையால் நானே சாப்பிட்டேன். பாதிச் சோறு பாயில் சிந்தியது. டொக்டர் சொல்லித்தந்த, பஞ்சுப் பந்தை அமுக்கும் பயிற்சியை வஞ்சத்தோடு செய்தேன். இதே நோயோடு இருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்வேன்: ஊட்ட ஆள் இருந்தால் சாப்பிடுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆனால் உங்கள் கையின் நிலைமையை மற்றவர்களுக்கு நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து பாயிஸா ஒரு துணியோடு வாசலில் நின்றாள். மூத்த மகளுக்குக் கலியாண நாள் குறித்தாகிவிட்டது. வழுக்கும் விலையுயர்ந்த துணி. அதில் கத்தரிக்கோல் வைக்க அவளுக்குத் துணிவில்லை. அந்தப் பிள்ளை என் மடியில் வளர்ந்தவள். அதைவிட, கை முடிந்தது என்று சொன்னவளுக்கு முன்னால் வெட்டிக் காட்ட வேண்டும் என்ற வெறியும் எனக்கு இருந்தது.

மேசையில் விரித்து அடையாளம் இட்டேன். கத்தரிக்கோல் ஒரு சாண் நேராகப் போனது. பிறகு தழும்பின் இரு பக்கமும் சுரீரென்றது. பெருவிரல் விட்டுவிட்டது. கத்தரிக்கோல் துணியின் மேலேயே விழுந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன பொய்யை என் கையே உண்மையாக்கிக் காட்டியதுபோல் இருந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் மெதுவாகத் துணியை மடிக்கக் கை நீட்டினாள்.

“உடுங்க ராத்தா. வேற ஆரிட்டயும் குடுப்பம்.”

துணியின் மேல் என் வலக்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். முன்பெல்லாம் துணி கொண்டுவருகிறவர்களுக்கு நாள் சொல்லித்தான் அனுப்புவேன். சொன்ன நாளில் உடுப்பு தயாராக இருக்கும். அன்றைக்கு என் வாயில் எந்த நாளும் வரவில்லை.

“வச்சிட்டுப் போ,” என்றேன். “நான் வெட்டித் தாறன். எப்ப எண்டு மட்டும் கேக்காத.”