பாணேர் ஒன்பதாம் மாடியில் ஒரு கடல்

மற்றத் தொழில்களில் நாம் தப்புச் செய்வோம், வாடிக்கையாளர் சத்தம் போடுவார். கடல்நீர் மீன்தொட்டி பராமரிக்கிற தொழிலில் வாடிக்கையாளர் தப்புச் செய்வார், யாரும் சத்தம் போடுவதற்குள் மீன் மல்லாந்துவிடும். அடுத்தவர் வீட்டுக் குழந்தையை, அடுத்தவர் காரை, அடுத்தவர் பல்லைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறவர்களே, நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள். என் நெஞ்சு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதே எனக்கு ஆச்சரியம்தான்.

எங்களுக்குச் சொந்த ஊர் கீழக்கரை. புனேயில் கோந்த்வா பக்கம் என் வீட்டுக்காரர் மீன் கடை வைத்திருந்தார். சமைக்கிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கிற மீன். முதலில் தங்கமீனும் கப்பி மீனும்தான் விற்றது. ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, பாணேரில் மாடி மாடியாக வீடுகள் எழும்பியதும், பவளம் வைத்த கடல் தொட்டி வேண்டும் என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். பகலில் அந்த வீடுகளில் பெண்கள் மட்டுமே இருப்பார்கள். அதனால் கடையை அவர் பார்க்க, வீடு வீடாகப் போய்த் தொட்டி பார்ப்பது என் வேலை என்றானது. கடலோரத்தில் பிறந்தவள் கடலே இல்லாத ஊரில் பாக்கெட் உப்பைக் கரைத்துக் கடல் செய்துகொண்டிருந்தேன்.

அதில் மறக்க முடியாதது கோகிலா வீட்டுத் தொட்டி. கோயமுத்தூர்ப் பெண். அவள் கணவன் செந்தில் ஆசை ஆசையாக அந்தத் தொட்டியை வைத்தான். பவளம், இறால், நத்தை, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் ஒரு ஜோடி, அவை புகுந்து படுத்துக்கொள்ள ஒரு அனிமோன். அனிமோன் என்பது பூ மாதிரி விரிந்திருக்கும் கடல் பிராணி, செடி இல்லை. எல்லாம் செட்டான நேரத்தில் கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பியது. கிளம்புகிற அன்று என் எதிரிலேயே மனைவியிடம், "லவ் பேர்ட்ஸ் செத்துச்சு, ரோஜாச்செடி செத்துச்சு. நான் வர்றப்ப இதாச்சும் உசுரோட இருக்குதான்னு பாக்கறேன்" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் திரும்பி வரும்போது ஒரு மீன்கூடக் குறையக் கூடாது என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். எனக்கு ஆபத்து ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.

ருசி பார்த்த கடல்

வாரம் ஒரு தடவை போவேன். அவன் கிளம்பிய பிறகு முதல் முறை போனபோது உப்பின் அளவைக் காட்டும் மிதவையைத் தண்ணீரில் விட்டால், அது தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சாக்கடல் தண்ணீரே அங்கே வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். பவளம் எல்லாம் சுருங்கிக் கிடந்தது. என்னம்மா செய்தாய் என்று கேட்டதற்கு, தண்ணீர் மட்டம் குறைந்தது, அதனால் ஊற்றினேன் என்றாள். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தான். உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இவள் ஒவ்வொரு நாளும் சமையல் கல் உப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறாள். எவ்வளவு உப்பு என்று கேட்டேன். அளவெல்லாம் தெரியாதாம்.

"ரசத்துக்குப் பாக்கறாப்லதானுங்க்கா, ஒரு கரண்டி வாயில ஊத்திப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

ஓய்வு நாள்

உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கித் தொட்டியை மீட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தால் ஆயுத பூஜை வந்தது. அன்று எனக்கு அவள் வீட்டில் வேலை இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் வேறொரு தொட்டி பார்த்துவிட்டு, சரி, எட்டிப் பார்ப்போம் என்று போனேன். வாசலில் மாவிலை. உள்ளே போனால் தொட்டியின் நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம், மேலே சாமந்தி மாலை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீடு அநியாயத்துக்கு அமைதியாக இருந்தது. பம்பு சத்தம் இல்லை, தண்ணீர் விழுகிற சத்தம் இல்லை. குனிந்து பார்த்தால் எல்லா சுவிட்சும் அணைந்திருக்கிறது. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் பூஜை செய்த இடத்தில் ஓடிப்போய் எல்லா சுவிட்சையும் போட்டேன். கரண்ட் போச்சா என்று கேட்டால், இல்லை, காலையில் பூஜை முடிந்ததும் நானேதான் அணைத்தேன் என்கிறாள். தையல் மெஷின், மிக்சி, செந்திலின் பைக், எதையும் அன்று தொடக் கூடாதாம். பம்பு மட்டும் என்ன பாவம் செய்தது என்று நினைத்திருக்கிறாள்.

"வருஷம் பூராம் ஓடுதுங்க்கா, ஒரு நாளைக்கு அதுக்கும் ஓய்வு குடுக்கோணுமல்லங்க?"

வியாழக்கிழமை

புனேயில் இருந்தவர்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை கரண்ட் நிற்கும். அதற்குத்தான் செந்தில் இன்வெர்ட்டர் வைத்திருந்தான். பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை அதுவும் கண்ணை மூடிவிட்டது. கோகிலா போன் செய்தபோது நான் ஊரின் மறுகோடியில், ஹடப்ஸரில் இருந்தேன். ரிக்‌ஷா பிடித்து, டிராஃபிக்கில் மாட்டி, லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஒன்பது மாடி ஏறி, இறந்த மீன்களை அள்ள ஒரு கவரையும் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அங்கே கோகிலா ஒரு ஸ்டூல் மேலும், பக்கத்து வீட்டு வைஷாலி தாயி இன்னொரு ஸ்டூல் மேலும் நிற்கிறார்கள். தாயி என்றால் மராத்தியில் அக்கா. இருவர் கையிலும் குவளை. தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கித் திரும்பத் தொட்டியிலேயே ஊற்றுகிறார்கள். ஊற்ற ஊற்றக் காற்று தண்ணீரில் கலக்கும். இந்தச் சமயத்தில் செய்ய வேண்டிய ஒரே காரியம் அதுதான். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. மீன்கள் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தன. அவள் ஒன்றைச் சரியாகச் செய்தபோதுதான் எனக்கு அதிகமாக மயக்கம் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எப்படியம்மா தெரிந்தது என்று கேட்டேன்.

"காப்பி ஆத்தறாப்ல ஆத்துனோமுங்க, தாயிக்குத்தான் கை வர மாட்டேங்குது, அவங்கல்லாம் டீ குடிக்கறவங்க."

செம்புக் குடம்

அதற்கப்புறம் எனக்கு அவள் மேல் நம்பிக்கை வந்தது. அவளும் நல்ல தண்ணீரையே அளவாக ஊற்றி வந்தாள். செந்தில் வர ஒரு மாதம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து இறால் ஒன்று செத்தது. அடுத்த வாரம் நத்தைகள். அனிமோன் ஊதிய பலூன் காற்றுப் போனது போல் தொங்கியது. உப்புச் சரி, சூடு சரி, விளக்குச் சரி. எங்கே தப்பு என்று எனக்குப் புரியவே இல்லை. என்னால்தான் எதுவோ என்று கடையில் வந்து அழுதுகூட இருக்கிறேன்.

ஒரு நாள் நான் இருக்கும்போதே அவள் சமையலறையிலிருந்து ஒரு குடத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று மின்னிய செம்புக் குடம். ஃபில்டர் தண்ணீரில் சத்தே இல்லை, ராத்திரி முழுக்கச் செம்பில் வைத்தால் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனிதருக்கு நல்லதோ என்னவோ, இறாலுக்கும் அனிமோனுக்கும் செம்பு விஷம். நான் போட்ட கூச்சலில் பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. விஷயத்தைச் சொன்னதும் அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டாள். அவள் அழுதபோது எனக்கும் கோபம் போய்விட்டது.

"நாங்கூட அதுல குடிக்கலீங்க்கா, நல்ல தண்ணியாச்சேன்னு அதுகளுக்கே வெச்சேன்."

கேமரா

தொட்டித் தண்ணீரை மாற்றி மாற்றி, கரி போட்டு விஷத்தை இழுக்க வேண்டியிருந்தது. அனிமோனை வாளியில் வைத்து எங்கள் கடைத் தொட்டிக்குக் கொண்டுவந்துவிட்டோம். பிழைக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றப் போனேன். அது செந்தில் கம்ப்யூட்டரில் பேசுகிற நேரம். அவன் ஹலோ சொல்வதற்கு முன்னால் கேட்பது, கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பு என்பதுதான். சாப்பிட்டாயா என்பதெல்லாம் அப்புறம். சில வாரம் அதுவும் இல்லை. நான் வாளியோடு மூச்சை அடக்கி நின்றேன். மாட்டிக்கொண்டாள் என்றே நினைத்தேன். அவள் நிதானமாகக் குனிந்து கேமரா ஒயரைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தாள்.

"கேமரா கெட்டுப்போச்சுங்க, இன்னைக்கு என் பேச்சை மட்டும் கேட்டுக்குங்க."

எறால் உரித்த கை

மறுநாள் முதல் அவள் பாணேரிலிருந்து கோந்த்வாவுக்குப் பஸ் மாறி வர ஆரம்பித்தாள். கடையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அனிமோன் எதிரில் உட்காருவாள். அதற்கு எறால் துணுக்குக் கொடுக்க வேண்டும். முட்டை போட்ட கேக்கையே தொடாத சைவக்காரி. நான் எறாலை எடுத்து வந்தால் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் நான் வெளி வேலை முடித்துக் கடைக்குள் நுழைந்தால், அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எறால் உரித்துக்கொண்டிருக்கிறாள். தலையைக் கிள்ளி, ஓட்டை நீக்கி, முதுகு நரம்பை இழுத்து எடுத்து, அரிசி அளவுக்கு நறுக்குகிறாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கை மட்டும் நிற்கவில்லை. அனிமோன் அந்தத் துணுக்கைப் பிடித்து மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் கை கழுவப் போன பிறகு கல்லாவிலிருந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சொன்னார்.

"ஜமீலா, நீ பொறந்ததுலேர்ந்து எறா உரிக்கிற, அந்தப் புள்ள அளவுக்குச் சுத்தமா ஒரு நாளும் உரிச்சதில்ல."

செந்தில் வந்தான்

அவன் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அனிமோனைப் பாணேரில் கொண்டுபோய் விட்டோம். அது பழையபடி விரிந்தது. க்ளவுன் ஜோடி ஒரு மணி நேரம் சந்தேகமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே புகுந்து படுத்துக்கொண்டது. கோகிலா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னைப் பைத்தியமாக்கினாள். செந்தில் வந்த மறுநாள் வரச் சொல்லியிருந்தான். போனேன். தொட்டி எதிரில் நின்றுகொண்டிருந்தான். அவள் சமையலறை வாசலில், எறால் கிண்ணத்தோடு நின்றாள்.

அவன் திரும்பி என்னைப் பார்த்து, ரொம்ப நன்றி அக்கா, நீங்க இல்லாட்டி இவ எல்லாத்தையும் கொன்னுருப்பா என்றான். இல்லை தம்பி, பாதி நாள் காப்பாற்றியது நானில்லை, உன் மனைவிதான் என்று குரல் உயர்த்தியே சொன்னேன். அவன் சரி சரி என்று தலையாட்டினான், அவ்வளவுதான். பிறகு பையிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்து விரித்தான். அமெரிக்காவில் நண்பர்கள் வீட்டில் எல்லாம் ஹோம் தியேட்டர்தான், இந்தச் சுவருக்கு அது பிரமாதமாக இருக்கும், தொட்டியை நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றான். இத்தனை மாதம் அவள் யாருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாளோ, அவனுக்குத் தொட்டி ஆசை போயே போய்விட்டிருந்தது.

நான் கோகிலாவைப் பார்க்கப் பயந்தேன். அவள் அழவில்லை. கிண்ணத்தோடு வந்து, கணவனைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அனிமோனுக்கு ஒரு துணுக்கு வைத்தாள். அது வாங்கிக்கொள்ளும்வரை காத்திருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்.

"தியேட்டரை அந்த ரூம்ல வெச்சுக்குங்க, நீங்களும் அங்கயே படுத்துக்கலாம், ஹால்ல சத்தம் போட்டா இதுக தூங்காதுங்க."

இந்தத் தொழிலில் இத்தனை வருஷத்தில் நான் கண்டது, ஆசைப்பட்டுத் தொட்டி வாங்குகிறவர் ஒருவர், மல்லுக்கட்டி அதை வளர்க்கிறவர் இன்னொருவர், ரத்தக்கொதிப்பு மாத்திரை மட்டும் எப்போதும் எனக்கு.