கோரிமேட்டில் அப்பாவின் கலயம்

கோரிமேடு எல்லையில் பஸ் நிற்கிறது. தமிழ்நாட்டு மதுவிலக்குப் போலீஸ் ஏறுகிறது. புதுச்சேரிச் சாராயம் தாண்டக்கூடாதாம். என் மடியில் மஞ்சள் துணியால் வாய் கட்டிய கலயம். கங்கையில் கரைக்கும்வரை அதைத் தரையில் வைக்கக்கூடாது, கட்டை அவிழ்க்கக்கூடாது.

"என்னய்யா அது? கீழ வச்சி அவுரு," என்கிறார் ஏட்டு.

"எங்கப்பா அஸ்தி சார். காசிக்குப் போறேன்."

அவர் நம்பவில்லை. லத்தி கலயத்தை நோக்கி நீள்கிறது. கலயத்தை மார்போடு அணைத்துக்கொள்கிறேன். நெல்லித்தோப்பில் ஏறிய பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து கத்துகிறார்: "சாவு வூட்டுப் பானைய தொடப் போறியே, உனக்குப் புள்ளகுட்டி இல்ல?"

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கலயத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறார்.

பஸ் நகர்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் குனிந்து, சீட்டுக்கு அடியில், என் வேட்டி மறைவில் அவர் ஒளித்து வைத்திருந்த இரண்டு சாராய பாட்டில்களை எடுக்கிறார்.

"எல்லாம் உங்கப்பா புண்ணியம் தம்பி."

சாராயக்கடை இருக்கும் தெருவில்கூட நடக்காதவர் அப்பா.