மைத்துனன் தலையில் கட்டிய விளையாட்டு

என் மனைவியின் தம்பிக்கு, எங்கள் தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டினால் வரும் ஜுருவில், பழைய கார் விற்கும் வேலை. வாயால் பிழைப்பவன். அவன் ஒரு காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், வாங்க வந்தவர் மட்டுமல்ல, துணைக்கு வந்தவரும் தன் காரை மாற்றினால் என்ன என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். அந்த வாயை வைத்துக்கொண்டு பல வருடங்களாக அவன் என்னிடம் விற்க முயன்றது ஒரு வீடியோ கேமை.

ஊரே கொண்டாடிய கேம் அது. பனி மலைகளுக்கு நடுவே ஒரு கூட்டம் குடியேற இடம் தேடிப் போகிறது. அதில் ஒருவனாக நாம் குதிரையில் போக வேண்டும். வெளிவந்த புதிதில் நானும் வாங்கினேன். எங்கு பார்த்தாலும் பனி. குதிரை நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. வழியில் ஒரு குடிசை. அதில் ஓர் அலமாரி. நம் ஆள் குனிந்து, கதவைத் திறந்து, ஒரு டின்னை எடுத்து, திருப்பிப் பார்த்து, பையில் போடுகிறான். பிறகு அடுத்த டின்னுக்குக் குனிகிறான். நான் கண்ட்ரோலரைப் பிடித்தபடியே தூங்கிப்போனேன். மறுவாரம் அந்த கேமை வேலையிடத்து நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

தீபாவளி விருந்தில் அதைக் கேட்டறிந்ததும் மைத்துனனின் முகம் மாறிவிட்டது. அன்றிலிருந்து கல்யாணமோ, காதுகுத்தோ, எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. ஆரம்பம்தான் மெதுவாக இருக்குமாம், போகப் போக விட முடியாதாம், முடிவில் கல்லும் அழுமாம். நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்பவன். எதிலும் குறை மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரியும் என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இந்த வருடம் பேட்மிண்டன் ஆடும்போது என் முழங்கால் பிசகியது. ஜவ்வு கிழிந்திருக்கிறது, நடமாட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் மருத்துவ விடுப்புக்கு எம்சி எழுதிக் கொடுத்தார். செய்தி பாலத்தைத் தாண்டி ஜுருவுக்குப் போனதுதான் தாமதம், அந்த ஞாயிற்றுக்கிழமையே மைத்துனன் ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து நின்றான். பழம், ஹார்லிக்ஸ் எதுவும் இல்லை. பையில் அவனுடைய கேம் பெட்டி இருந்தது. என்னைக் கேட்காமலேயே டிவியில் ஒயரைச் செருகினான்.

"கால் சரியாகுற வரைக்கும் வீட்ல சும்மாதானே மாமா இருக்கப் போறீங்க. இந்த வாட்டி பொறுமையா ஆடுங்க லா. அப்ப நீங்க தப்பா ஆடிட்டீங்க."

பனியில் குதிரை ஓட்டுவதில் தப்பு என்ன, சரி என்ன என்று கேட்டேன். அதெல்லாம் உங்களுக்கே புரியும் என்று சொல்லிவிட்டு, அக்காள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

மறுபடி அதே பனி. அதே குடிசை. அதே டின். இந்த முறை பகலில் ஆடியதால் தூங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பனியைத் தாண்டி ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்ததும் சற்றுத் தெம்பு வந்தது. கடைக்காரருக்கு வணக்கம் சொல்லலாம் என்று ஒரு பட்டனை அழுத்தினேன். நம் ஆள் அவர் மூக்கில் குத்திவிட்டான். வணக்கத்துக்கும் குத்துக்கும் ஒரே பட்டனாம், மற்றொரு பட்டனைச் சேர்த்துப் பிடிப்பதில்தான் வேறுபாடு. ஊரே கம்பெடுத்துத் துரத்தியது. தப்பி ஓடுகையில் குதிரையோடு பள்ளத்தில் விழுந்தேன்.

உடனே மைத்துனனுக்குப் போன் போட்டேன். அவன் யாருக்கோ கார் காட்டிக்கொண்டிருந்தான். "அதுதான் மாமா ரியலிசம்" என்றான். விசில் அடித்தால் குதிரை வர மறுப்பதைச் சொன்னேன், அதுவும் ரியலிசம். குளிக்காவிட்டால் ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவதும் ரியலிசம். காலையில் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்பதும்தான் ரியலிசம், அதற்காக யாராவது அதை விரும்பி வாங்குகிறார்களா என்று நான் கேட்பதற்குள் கஸ்டமர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டான்.

இத்தனையையும் சகித்திருப்பேன். என் மனைவியும் இதில் வந்து சேர்ந்துகொண்டதுதான் தாங்க முடியவில்லை. அவளுக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி டிவியைப் பார்த்தாள். அன்று அந்தக் கூட்டத்துச் சமையல்காரர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும் மனிதர். திட்டிக்கொண்டே, சாப்பிடாத ஒரு பிள்ளைக்குத் தன் தட்டைத் தள்ளிவிட்டார். என் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இந்த மனுசன் நல்லவரா இருக்காரே. இவர்கிட்ட போய்ப் பேசுங்க."

அதன் பிறகு அந்த கேமை நான் ஆடவில்லை, அவள்தான் ஆடினாள், என் கையால். குதிரைக்குத் தீனி வைக்கவில்லையே என்பாள். குதிரையைத் தேய்த்து விடச் சொல்வாள். வழியில் ஒரு கிழவியிடம் மிரட்டிப் பிடுங்கினால்தான் கதை சுலபமாக நகரும் என்றிருந்த இடத்தில், பிடுங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பதிலாக முயல் பிடித்து விற்க ஒரு சாயங்காலம் முழுவதும் போனது. தான் இல்லாதபோது ஆடக் கூடாது என்றும் கட்டளை. நான் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு பகலெல்லாம் அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தபடி கிடந்தேன். பிடிக்காத கேமை ஆடுவது ஒரு கொடுமை. பிடிக்காத கேமை ஆட அனுமதிக்காகக் காத்திருப்பதை என்னவென்று சொல்வது?

பிறகு அந்தச் சமையல்காரர் செத்துப்போனார். என்னால் ஒன்றும் செய்ய முடியாது, கதையே அப்படி. ஆற்றைக் கடக்கையில் மற்றவர்களை அனுப்பிவிட்டு அவர் பின்தங்கிவிட்டார். என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனவள் நெடுநேரம் வரவில்லை. நான் வேறு பாதையில் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று அவள் நினைத்தாள். முயல் பிடிக்கச் சொன்னதே நீதான் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலை வரை பேச்சில்லை.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் கூப்பிட்டான். கேம் எப்படிப் போகிறது என்று உற்சாகமாகக் கேட்டான்.

"அந்தச் சமையக்காரர் செத்ததுக்கு உங்க அக்கா என்கிட்ட பேச மாட்டேங்குறா" என்றேன்.

மறுமுனையில் கார்க் கதவு ஒன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"யாரு செத்தது?" என்றான்.

எனக்கு உறைப்பதற்குச் சற்று நேரம் பிடித்தது. எதுவரை ஆடியிருக்கிறாய் என்று கேட்டேன். மழுப்பினான். விடாமல் கேட்டதும் உண்மை வந்தது. பனியைத் தாண்டி அந்தச் சின்ன ஊர் வரைதான் வந்திருக்கிறான். அப்போது அவனுக்குக் குழந்தை பிறந்தது, வேலை கூடியது, அதோடு சரி. மிச்சமெல்லாம் கூட வேலை செய்பவர்கள் சொல்லிக் கேட்டது. அவர்களும் முழுதாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. முடிவில் அழுததுகூட அவன் இல்லை, அவனுடைய சூப்பர்வைசர்.

"நல்ல கேமுன்னு எனக்குத் தெரியும் மாமா. ஆடத்தான் நேரமில்ல."

இத்தனை வருடம் என் உயிரை வாங்கியவன் நான் ஆடிய தூரம்கூட ஆடவில்லை. நியாயப்படி நான் கத்தியிருக்க வேண்டும். எனக்கு முன்னால் அவன் கோபித்துக்கொண்டான். கதையை ஏன் உடைத்தீர்கள், என்றாவது ஒரு நாள் ஆடலாம் என்று வைத்திருந்தேனே என்று குறைப்பட்டான். மனைவியிடம் முறையிட்டேன். அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தையே, "அவன்கிட்ட ஏன் சொன்னீங்க, பாவம்" என்பதுதான்.

அவன் உடனே ஆடி முடிப்பதென்று சபதம் எடுத்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக வருவதாகச் சொன்னான். அதற்குள் முடித்தே ஆக வேண்டும் என்று என் மனைவி அவசரப்படுத்தினாள். முழங்காலுக்குச் செய்யச் சொன்ன பயிற்சிகளை விட்டுவிட்டுக் குதிரையை விரட்டினேன். கட்டைவிரல் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் மணியை அடித்தபோது நாங்கள் கடைசிக் கட்டத்தில் இருந்தோம். திரையைப் பார்த்துவிடக் கூடாதென்று கண்ணைப் பொத்திக்கொண்டான். உள்ளே வந்தால் சத்தம் கேட்கும் என்று வெளியே காரிடாரிலேயே நின்றான். பசாரில் வாங்கிவந்த ஆப்பத்தை அங்கே நின்றபடியே தின்றான். பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்ன ஏது என்று விசாரிப்பதும், அவன் சமாளிப்பதும் எங்களுக்குக் கேட்டது.

முடிவு வந்தது. அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை, எனக்கு ஏற்கெனவே பட்டது போதும். அந்த கேம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. யாராவது கேட்டால் அதன் குறைகளை மணிக்கணக்கில் சொல்வேன். ஆனால் அந்தக் கடைசி நிமிடங்களில் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மனைவி மூக்கை உறிஞ்சியபடி போய்க் கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மைத்துனன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அக்கா, மூஞ்சியக் கழுவிட்டு வாக்கா. உன்னப் பாத்தாலே எனக்குக் கதை தெரிஞ்சுரும்."