ஆட்டுத்தோலும் பொன்னாடையும்

புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பல்கேரியாவிலிருந்து ஒரு நாட்டுப்புற இசைக்காரர் வந்திருந்தார். செங்கல் நிற முகம்; மீசை எங்கள் அய்யனாருக்கே சவால் விடும். வாத்தியம் ஒரு முழு ஆட்டுத்தோல். வாயால் ஊதி அதை நிரப்பி, கண்ணை மூடிக்கொண்டு, அக்குளில் வைத்து அமுக்கினால் பாட்டு வரும். நடுவில் கையை எடுத்தால், அறுக்கப் பிடித்த ஆடு மாதிரி கத்தும்.

அன்று அது பலமுறை கத்தியது. பாட்டு சூடு பிடிக்கும்போதெல்லாம் யாராவது பொன்னாடையோடு மேடையேறினார்கள். தாளாளர் போர்த்தினார், அவருடைய மச்சான் போர்த்தினார், பந்தல்காரர்கூடப் போர்த்தினார்.

"சார், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. கவுன்சிலர் வந்துட்டாரு."

ஆங்கில ஆசிரியன் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பாளன். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணைத் திறந்து, வாத்தியத்தை இறக்கி, கும்பிட்டுவிட்டு, பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். நன்றியுரையும் முடிந்து தேசிய கீதமும் பாடியாயிற்று. அவர் பாட்டு மட்டும் முடியவில்லை.

காரில் ஏறும்போது, "உங்கள் ஊரிலும் இசைக்காரர்களுக்கு மரியாதை செய்வார்களா?" என்று கேட்டேன். கல்யாணங்களில் வாசிப்பவரின் நெற்றியில் பணத்தாளை ஒட்டுவார்கள் என்றார்.

"பாட்டு நின்றுவிடாதா?"

"நெற்றியாலா வாசிக்கிறோம்?"

தாளாளர் ஓடி வந்தார். "என்ன சொல்றாரு?"

"இப்படி ஒரு மரியாதைய எங்கயுமே பார்த்ததில்லையாமுங்க."

"அடுத்த வருசமும் வரச் சொல்லுங்க. கிரீடமே வச்சிருவோம்."

கிரீடம் எவ்வளவோ தேவலை. தலையோடு போய்விடும். அந்தப் பாட்டு எப்படித்தான் முடிகிறது என்று அப்போதாவது தெரியும்.