மலைக்குப் போகிறவர்களுக்கு அண்ணை எழுதிய குறிப்புகள்

டென்மார்க்கில், ஹேர்னிங்கில் எங்கள் வாசலில் நின்ற காரின் டிக்கிக்குள், ரைஸ் குக்கரைத் துவாயில் சுற்றி அண்ணை இறுக்கிவைத்த அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. ஆஸ்திரியாவில் இன்ஸ்புறுக் என்ற மலை நகரத்துக்கு ஐந்து நாள் உல்லாசப் பயணமாம். அரிசி, மிளகாய்த்தூள், புட்டுக்குழல், இரண்டு பெட்டி மரக்கறி எல்லாம் ஏறிவிட்டன. அண்ணையின் மனைவி, என் மச்சாள், புதிதாக வாங்கிய மலைச் சப்பாத்துகளை வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மச்சாளுக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. பகலில் அங்கே சமையல், பின்னேரம் வீட்டில் சமையல். அந்தப் பயணத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரோப் காரில் மேலே போய், ஒரு மணித்தியாலம் நடந்தால் வரும் சின்னச் சாப்பாட்டுக்கடையில் உட்கார வேண்டும். வேறு யாரோ சமைத்ததை வேறு யாரோ கொண்டுவந்து தன் முன்னால் வைக்க வேண்டும். சீஸ் உருண்டை போட்ட சூப் என்று போனில் படம் பார்த்து முடிவும் செய்திருந்தார். டென்மார்க்கில் மலைக்கு எங்கே போவது? ஹிம்மல்பியர், அதாவது வானமலை, என்று பெயரை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டிருக்கும் அந்த மேட்டில் ஞாயிறுதோறும் ஏறி இறங்கிப் பழகினார். முழங்கால் அப்போதே நோகத் தொடங்கியிருந்தது. நடக்க முடிகிறபோதே நடந்துகொள்ளுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் காலை எல்லோரும் வெளிக்கிட்டு நிற்கிறோம். மியூனிக்கில் இருந்து அண்ணைக்குப் போன் வந்தது. ஒன்றுவிட்ட தம்பி குடும்பத்தோடு ஏழு பேராகப் பின்னேரம் பார்க்க வருகிறானாம். வரட்டும், வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடலாமே என்றார் மச்சாள்.

“வீடு தேடி வாறவையைக் கடையிலை சாப்பிட வைக்கிறதோ?” என்றார் அண்ணை.

எந்த வீடு? ஐந்து நாளைக்கு வாடகைக்கு எடுத்த வீடு! எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு வியாதி. அடுப்பு ஒன்று கண்ணில் பட்டால் போதும், அது எங்கள் வீடாகிவிடும். மச்சாள் குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினார். அம்மா வராவிட்டால் தானும் வரவில்லை என்று அவர்களின் மகள் டேனிஷில் சண்டை பிடித்தாள். அண்ணை அதட்டித்தான் கூட்டிவந்தார். நாங்கள் மேலே போனோம், நடந்தோம், மச்சாள் பார்த்துவைத்த அதே கடைக்கு வெளியே போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்து, அவர் கட்டித்தந்த புட்டையும் சம்பலையும் சாப்பிட்டோம். அடுத்த இரண்டு நாளும் கடும் காற்று, ரோப் கார் ஓடவில்லை. டென்மார்க்குக்குத் திரும்பியபின் மச்சாளுக்கு இரண்டு முழங்காலிலும் ஒப்பரேஷன். இன்றுவரை கைத்தடி இல்லாமல் நடை இல்லை.

அண்ணையோ அந்தப் பயணத்துக்குப் பிறகு பெரிய வழிகாட்டி ஆகிவிட்டார். யார் இன்ஸ்புறுக் போவதாகச் சொன்னாலும் குடும்பக் குழுவில் குறிப்புகள் வந்து விழும். பெரிய குசினி, நல்ல அடுப்பு உள்ள வீடாகப் பார்த்து எடுங்கோ, மிளகாய்த்தூள் கொண்டு போங்கோ, மேலே கடையில் சாப்பிட்டுக் காசைக் கரியாக்காதேங்கோ. போன கிழமை புரொண்பியில் இருக்கும், எனக்கு மகள் முறையான பெறாமகள் ஒருத்தி போவதாக எழுதினாள். உடனே அதே குறிப்புகள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நானும் எழுதினேன்: ஒன்றும் சமைக்காதே, யாரையும் வரச்சொல்லாதே, மேலே போய்ச் சாப்பிடு. அனுப்புவதற்கு முன் மச்சாளுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். கூடவே அண்ணையையும் நன்றாகத் திட்டித் தீர்த்தேன்.

மச்சாள் முழுக்கக் கேட்டார்.

“அவரை ஏன் பேசுறாய்? அண்டைக்கு வெளிக்கிடேக்கை நீ என்னட்டைக் கேட்டது ஒண்டுதான். சம்பல் கட்டியாச்சோ எண்டு.”

கேட்டேன்தான். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டும் போனேன்.

“அனுப்பு, அனுப்பு,” என்றார் மச்சாள். “ஆனா அந்தக் கடை இப்ப நாலு மணிக்கே பூட்டீனம். அதையும் எழுதிவிடு. நான் இடைக்கிடை போனிலை பாக்கிறனான்.”