பத்மநாதன் ஒரு வருடம் கோச்சாக இருந்த கதை

கத்தாரின் தோகா நகரில், நஜ்மாவில் சாகிரின் கஃபத்தேரியாவில் ஏசிக்கு நேர் கீழே ஒரு நீள மேசை கிடக்கிறது. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் வடலிக்குளம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மாலையில் அவர்களுடைய உதைபந்தாட்ட அணிக்கு ஆட்டம் இருக்கும். ஆனால் அன்றைய ஆட்டத்தைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. முன்னாள் பயிற்றுநர்கள் எங்கே பிழைவிட்டார்கள் என்பதுதான் பேச்சு. அணி ஒருமுறைகூடக் கிண்ணம் தூக்கியதில்லை. அதனால் முன்னாள் பயிற்றுநர்களுக்குக் குறைவில்லை.

அந்த மேசையில் பெரிதாகக் கேட்டது பத்மநாதனின் குரல். லிஃப்ட் பராமரிக்கும் கம்பனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். திரும்பி வந்த உதிரிப்பாகத்தைப் புரட்டிப் புரட்டி எங்கே தேய்ந்தது என்று பார்ப்பவர், பயிற்றுநர்களையும் அப்படித்தான் பார்த்தார். கல்லூரி நாட்களில் அவர் அணியில் ஆடியதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று கத்தியவர். கத்தார் வந்தும் அந்தப் பதவியை விட்டுக்கொடுக்கவில்லை. போன தை மாதம் லீவில் ஊருக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்தது. திரும்பி வராமலே போய்விட்டார். ஆனாலும் அவர் பெயரை எடுத்தால் மேசையில் முதலில் வருவது சிரிப்புத்தான். அவர் கோச்சாக இருந்த அந்த ஒரு வருடத்தைத்தான் எல்லோரும் நினைப்பார்கள்.

அதற்கு முன் கோச்சாக இருந்த மற்றவர்களின் கதை. ஒருவர் ஆட்டத்தன்று எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் புட்டும் ஆட்டிறைச்சிக் குழம்பும் கொடுத்தார். இடைவேளை வரை ஒருவராலும் ஓட முடியவில்லை. இன்னொருவர் மனைவியின் தம்பியை முன்னால் நிறுத்தினார். அந்தத் தம்பி பந்தைவிடக் கமராவையே அதிகம் பார்த்தான். இவற்றையெல்லாம் பத்மநாதன் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். அவர் விடாமல் பிடித்துக்கொண்டது தவராசாவை.

இந்த அணிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. விசாவை முடித்துக்கொண்டு ஊரோடு போகிறவனை அவனுடைய கடைசி வெள்ளிக்கிழமையில் முழு ஆட்டமும் ஆடவிடுவார்கள். முடிந்ததும் தோளில் தூக்கிப் படம் எடுப்பார்கள். தவராசா கோச்சாக இருந்தபோது அந்த வழக்கத்தை அரையிறுதியில் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போகிறவன் கண் நிறையத் தண்ணீரோடு நின்று பந்தை எதிரணிக்காரனின் காலுக்கே தட்டிவிட்டான். கதை அங்கே முடிந்தது.

"தவராசா அண்ணை, கிரவுண்ட் எண்டது எயார்போர்ட் இல்லை. வழியனுப்பிற வேலையை அங்க போய் வைச்சிருக்கோணும்," என்பார் பத்மநாதன். ஒவ்வொரு வெள்ளியும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்வார். தவராசா தேநீரைக் கலக்கிக்கொண்டே சிரிப்பார். ஒரு வருடம் பொதுக்கூட்டத்தில் எழுந்து, அடுத்த கோச் பத்மநாதன்தான் என்று முன்மொழிந்துவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் கைதட்டிய தட்டலில் பத்மநாதன் சொன்ன மறுப்பு யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி சுகந்தா, கிளினிக் ஒன்றில் வரவேற்பில் வேலை பார்ப்பவர், செய்தியைக் கேட்டதும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"இனி வெள்ளிக்கிழமையில உங்களைப் பற்றித்தான் கதைப்பினம். தாங்குவியளோ?"

"என்னைப் பற்றிக் கதைக்க ஒண்டும் மிஞ்சாது பாரும்."

பிழைவிட்ட கோச்சுகளின் பட்டியலில் தன் பெயர் ஏறக்கூடாது. அந்த வருடம் முழுவதும் அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. இரவு டியூட்டி முடித்து வருகிறவர்களை மதியம் வரை தூங்கவிட்டார். ஆட்டத்துக்கு முன் சோறு கூடாது என்றார். யாருடைய மைத்துனனையும் கிட்டச் சேர்க்கவில்லை. அணி தட்டுத் தடுமாறி இறுதியாட்டத்துக்குப் போய்விட்டது.

அந்த இறுதியாட்டம் வினோஜனின் கடைசி வெள்ளிக்கிழமையாக அமைந்தது. அணியின் பழைய கோல்காப்பாளர் அவன். கம்பனி ஆட்களைக் குறைத்ததில் அவன் விசாவும் போயிருந்தது, மறுநாள் விமானம். இடது முழங்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. ஆனாலும் கையுறையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றான். அவனுக்கு மாற்றாகப் புதிதாக வந்த டிலக்சன் இருந்தான். நல்ல உயரம், பெரிய ஆட்டம் பழக்கமில்லை. பத்மநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டுக்கு அப்பால் நின்ற தன் மேசைக்காரர்களைப் பார்த்தார். டிலக்சனைப் போகச் சொன்னார். வினோஜன் கையுறையைக் கழற்றி அவனிடமே கொடுத்தான்.

தூரத்திலிருந்து வந்த ஒரு பந்து டிலக்சனுக்கு முன்னால் குத்தி, அவன் கைக்கு மேலால் துள்ளி உள்ளே போனது. அந்த ஒரு கோலில் கிண்ணம் போனது. யாரும் யாரையும் தோளில் தூக்கவில்லை.

அடுத்த வெள்ளி, இன்றைக்கு வீட்டில் நில்லுங்கள் என்றார் சுகந்தா. பத்மநாதன் தலை சீவிக்கொண்டு புறப்பட்டார்.

அவரைக் கண்டதும் மேசை பேச்சை மாற்றியது. அங்கே வெயிலைப் பற்றியும் பள்ளிக்கூடக் கட்டணத்தைப் பற்றியும் பேசினார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள்போல எல்லோரும் குரலைத் தாழ்த்தியிருந்தார்கள். ஒருவர் மரியாதைக்கு ஆட்டிறைச்சிக் கோச்சை இழுத்தார். அதுவும் எடுபடவில்லை. பத்மநாதன் பாதித் தேநீர் வரை பொறுத்துப் பார்த்தார்.

"என்ர பிழையை ஏன் விட்டிட்டியள்? நான் என்ன வெளியாளே?"

எல்லோரும் தவராசாவைப் பார்த்தார்கள். அவர் தயங்கி, "வினோஜனை நிப்பாட்டினது பிழை," என்றார்.

"அது பிழையில்லை அண்ணை. ஏன் நிப்பாட்டினன் எண்டதுதான் பிழை. நான் அவன்ர முழங்காலைப் பாக்கேல்லை. டிலக்சன்ர உயரத்தையும் பாக்கேல்லை. நானும் பிரியாவிடை வைச்சிட்டன் எண்டு நீங்கள் சொல்லுவியள் எண்டு பயந்து, இந்த மேசையைப் பாத்துத்தான் ஆள் போட்டனான்."

தவராசா மேசையைத் தட்டி, "அப்ப பிழை மேசையிலதான். சாகிர் பாய், இதை மாத்திப் போடும்," என்றார்.

சாகிருக்கு விளங்கவில்லை. வந்து மேசையின் காலை ஆட்டிப் பார்த்தார். அதோடு மேசை முழுவதும் வெடித்துச் சிரித்தது. சேர்த்துவைத்திருந்த குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: ஆளை மாற்றப் பிந்தினது, இடதுபக்கத்தானை வலதுபக்கம் போகச் சொன்னது, நடுவரோடு வாயைக் கொடுத்தது. பத்மநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிலவற்றை ஒப்புக்கொண்டார், சிலவற்றுக்கு வலு போதாது என்று தள்ளினார், அவர்கள் கவனிக்காத இரண்டைத் தானே எடுத்துக் கொடுத்தார். வினோஜனையும் கேட்கவேண்டும் என்று ஊருக்கு வீடியோ அழைப்பு எடுத்தார்கள். அவன் எதையோ மென்றுகொண்டே திரைக்கு வந்தான்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுறன். அண்டைக்கு எனக்குக் கால் மடக்கவே ஏலாது. நான் நிண்டிருந்தா மூண்டு போயிருக்கும்."

பார்த்தீர்களா, கோச் செய்தது சரிதான் என்று மேசை பத்மநாதன் பக்கம் சாய்ந்தது. அந்த மேசை ஒரு பயிற்றுநருக்காகப் பேசியது அதுவே முதல் தடவை. பத்மநாதன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"கால் ஏலாட்டி என்ன, கை இருந்தது தானே? அது உன்ர கைக்கு வந்த பந்து. பிழைவிட்டது நான். நீ குறுக்க வராதை."

நேரம் போனதால் சுகந்தா போனில் அழைத்தார். எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்பதற்குள் பத்மநாதன் அவசரமாகச் சொன்னார், வர இன்னும் நேரமாகும் என்று. எல்லோரும் ஒன்றுசேர்ந்து தன்னைத் தப்பவைக்கப் பார்க்கிறார்கள் என்றும், தான் ஒற்றையாளாக நின்று சமாளிக்கவேண்டியிருக்கிறது என்றும்.