கடைசித் துண்டு, முதல் பறப்பு

ஆர்வில் ஸ்டென்ருட் தன் விமானத்தை விட்டு நகரவே மாட்டான். சாப்பாட்டுத் தட்டு அங்கேயே வரும், முகச்சவரமும் அங்கேயே நடக்கும். மழை கொட்டினால் இறக்கைக்கு அடியில் குந்திக்கொள்வான். காற்று திசை மாறினால் மறுபக்கத்து இறக்கைக்கு மாறிக்கொள்வான். விமானமோ மூக்கைச் சேற்றில் குத்தி, ப்ரொப்பெல்லர் வளைந்து, ஓடுபாதையின் ஓரத்தில் அலங்கோலமாகக் கிடந்தது. பறக்க முடியாத ஒன்றுக்கு இத்தனை காவலா என்று கேட்பவர்கள் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் இருந்ததில்லை என்று அர்த்தம். அங்கே காவல் இல்லாத விமானம் மறுநாள் வெறும் கூடுதான்.

அது 1943ஆம் வருஷக் கோடைக்காலம். கோடை என்று நாட்காட்டிதான் சொன்னது, தீவு ஒத்துக்கொள்ளவில்லை. மேற்கே ஒரு தீவில் ஜப்பானியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே அமெரிக்கச் சண்டை விமானக்காரர்கள் மூடுபனிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல சாமான் எல்லாம் ஐரோப்பாவுக்கும் தென்கடலுக்கும் போய்விடும். மிச்சம் மீதி இருந்தால், அதையும் யாராவது பெட்டி மாற்றி ஏற்றித் தொலைத்தால், இந்தத் தீவுக்கு வரும். ஒரு கப்பலில் அரைக்கால் சட்டைகள் வந்தன. அடுத்த கப்பலில் கொசுவலை. ஒரு கொசுகூடக் குளிரில் பிழைக்காத இடத்துக்குக் கொசுவலை அனுப்பிய மகராசன் யாரென்று தெரிந்திருந்தால், அவனை அந்த அரைக்கால் சட்டையோடு ஓடுபாதையில் ஒரு மணி நேரம் நிற்க வைத்திருப்பார்கள்.

ஆகவே விமானம் குறைவு, விமானி அதிகம். ஒரு வண்டி விழுந்தால் அதன் உறுப்புகளை வைத்து மற்ற வண்டிகளை ஓட்ட வேண்டும். விமானத்தை அங்கே எல்லோரும் வண்டி என்றுதான் சொல்வார்கள். இதற்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. எந்த அதிகாரியும் போட்ட சட்டமில்லை, சேற்றில் முளைத்த சட்டம். விழுந்த வண்டியின் பக்கத்தில் அதன் விமானி இருக்கும்வரை யாரும் அதில் ஒரு திருகாணிகூடத் தொடக்கூடாது. எழுந்து போய்விட்டானா, எடுத்தவனுக்குச் சொந்தம். இது முதல் சட்டம்.

இரண்டாவது சட்டத்தைக் கொண்டுவந்தவர் தலைமை மெக்கானிக் சார்ஜென்ட் மட்டுசெக். விமானிகள் ஒவ்வொருவரும் கட்டிலுக்கு அடியில் ஒரு டயர், ஒரு குழாய் என்று பதுக்கி வைத்துக்கொண்டு, கேட்டால் கையை விரித்தார்கள். அவர்களைக் கொடுக்க வைக்கத்தான் இந்த ஆசை காட்டல். நின்றுபோன ஒரு வண்டி கிளம்புவதற்குக் கடைசியாக என்ன குறைகிறதோ, அதைக் கொடுப்பவனுக்கே அந்த வண்டியின் முதல் பறப்பு. சொந்தக்காரன் கீழே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பறப்பதற்கு ஏங்கிக் கிடந்த பசங்கள் இல்லையா, கட்டிலுக்கு அடியிலிருந்து சாமான் தானாக வந்தது.

அப்படித்தான் ஒருமுறை ஹார்லன் வாஸ் ஒரு தேய்ந்த வால்சக்கர டயரைக் கொடுத்துவிட்டு ஆர்விலின் வண்டியிலேயே ஏறிப் பறந்தான். கீழே நின்ற ஆர்வில் பல்லைக் கடித்தான்.

"ஒரு ஓட்டை டயருக்கு என் வண்டியா? வயித்தெரிச்சலா இருக்குடா!" என்றான், ஹார்லன் இறங்கியதும்.

"சட்டம்னா சட்டம், உழவரே," என்று ஹார்லன் கையுறையை உதறினான். "வண்டி நல்லாத்தான் போகுது. ஓட்டுற ஆளுதான் சரியில்ல."

ஹார்லன் பிட்ஸ்பர்க் நகரத்துக்காரன். வாய்க்குப் பூட்டே கிடையாது. ஆர்வில் வடக்கு டகோட்டாவின் கோதுமைக் காட்டிலிருந்து வந்தவன் என்பதால் அவனுக்கு ஆர்வில் எப்போதும் உழவர். பனிப்புயல் நாளில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டே வீட்டிலிருந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய் வந்து வளர்ந்தவன் ஆர்வில். மூடுபனியில் இறங்குவதில் அந்தப் படையில் அவனுக்கு இணை கிடையாது. இதை மற்றவர்கள் சொல்லும்வரை அவன் காத்திருந்ததும் கிடையாது, தானே சொல்லிக்கொள்வான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் இறங்கும்போது பக்கவாட்டில் ஒரு காற்று வந்து அறைந்தது. வண்டி சேற்றின் மேல் விரித்த இரும்புத் தட்டிப் பாதையை விட்டு விலகிச் சேற்றுக்குள் மூக்கைக் குத்திவிட்டது. ஹார்லனுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆயிற்று.

"எத்தனை ஏக்கர் முடிஞ்சுது உழவரே? விதை போட்டாச்சா?"

"போட்டாச்சு. நீ வந்து களை எடு, வா."

சிரித்துப் பேசினாலும் ஆர்விலுக்கு உள்ளே எரிந்தது. காரணம், மேஜர் தர்லோ போட்டிருந்த உத்தரவு. அடுத்த கப்பல் கிளம்பும்போது கையில் வண்டி இல்லாத விமானி அந்தக் கப்பலில் ஏற வேண்டும். அவனுக்கு ஊர்ப்பக்கம் ஏதாவது ஒரு கிடங்கில் மேசை வேலை. உண்ண உணவில்லாத தீவில் சும்மா இருக்கும் வாய் எதற்கு என்பது மேஜரின் கணக்கு. ஆர்விலுக்கோ கொசுவலை எண்ணும் வேலையைவிடச் சேற்றில் புதைந்து போவது மேல்.

அதனால்தான் காவல். மட்டுசெக் தினம் ஒருமுறை வருவார், வண்டியைச் சுற்றி நடப்பார், பெண் பார்க்க வந்தவர் போல மேலும் கீழும் பார்ப்பார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது அவர் முகத்திலேயே தெரியும். அவரிடம் மூன்று வண்டிகள் ஆளுக்கொரு சாமானுக்காக நொண்டிக்கொண்டு நின்றன. ஒன்றுக்கு ப்ரொப்பெல்லர், ஒன்றுக்கு எண்ணெய்க் குளிர்விப்பான், ஒன்றுக்கு வால்சக்கரம். ஹார்லனின் வண்டிக்கு வேறு கார்புரேட்டர் செத்துக் கிடந்தது.

"லெப்டினன்ட் சார், கொஞ்சம் கால நீட்டி நடந்துட்டு வந்தா உடம்புக்கு நல்லது," என்பார்.

"நான் நடந்தா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா சார்ஜென்ட்? போயி வேலயப் பாருங்க."

கடைசியில் கப்பல் வந்தது. அதிசயம்! மாவுமூட்டைகளுக்கு நடுவே ஒரு பெரிய மரப்பெட்டியில் புத்தம்புது ப்ரொப்பெல்லர். மேஜர் அதை ஆர்விலுக்கே ஒதுக்கினார். பெட்டியை அவன் வண்டியோரம் இறக்கி வைத்துவிட்டு மட்டுசெக் சொன்னார்: "நாளைக்குக் காலையில மாட்டிடலாம். மத்தியானம் கப்பல் கெளம்பும்போது நீங்க ஓடுபாதையில உறுமிக்கிட்டு நிப்பீங்க."

ஆர்வில் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து டப்பாக்கறியை விருந்துபோலச் சாப்பிட்டான். அவன் கூடவே எப்போதும் பறக்கும் டூயி ப்ரூயிட் அன்று மேஜரோடு ரோந்துக்குப் போகும் வழியில் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தான். டூயி ஆர்கன்ஸாவிலிருந்து வந்த மெல்லிய பையன், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன்.

"நாளையிலேர்ந்து நாம ரெண்டு பேரும் சேந்து போலாம்டா. இந்த மேஜர் பின்னாடி போயிப் போயி எனக்குத் தூக்கம் தூக்கமா வருது," என்றான்.

"இன்னிக்கு ஒரு நாள் முழிச்சுக்கோ. நாளைக்கு நான் இருக்கேன்," என்றான் ஆர்வில்.

மத்தியானம் மேஜர் மட்டும் திரும்பி வந்தார்.

வண்டியிலிருந்து இறங்கும்போதே அவர் முகம் சரியில்லை. ஆளில்லாத எரிமலைத் தீவு ஒன்றுக்கு அருகில் டூயியின் இயந்திரம் நின்றுவிட்டது. அவன் கருமணல் கரையை நோக்கிச் சறுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தார். அதற்குள் மூடுபனி வந்து மறைத்துவிட்டது. உயிரோடு இறங்கியிருக்கலாம், ஆனால் நனைந்திருப்பான். அந்தக் குளிரில் நனைந்த மனிதனுக்கு அதிக நேரம் கிடையாது. மீட்புப் படகு கிளம்பிவிட்டது. ஆனால் அந்தக் கரை முழுக்கப் பாறை. எந்த வளைவுக்குள் நுழைவது என்று மேலே ஒரு விமானம் வட்டமடித்துக் காட்டாவிட்டால் படகுக்குக் கண் கிடையாது.

"பெட்ரோல் போட்டதும் நான் திரும்பப் போறேன்," என்றார் மேஜர். "கூட ஒருத்தன் வேணும். ஒருத்தன் மேகத்துக்கு மேல இருந்து ரேடியோவில பேசணும், ஒருத்தன் கீழ இறங்கித் தேடணும். எந்த வண்டி இருக்கு சார்ஜென்ட்?"

மட்டுசெக் நின்ற வண்டிகளை ஒரு பார்வை பார்த்தார். "மத்த வண்டியெல்லாம் வடக்கே ரோந்துல இருக்கு ஐயா, சாயங்காலம்தான் வரும். நொண்டி வண்டி மூணையும் உடனே கெளப்ப முடியாது. வாஸ் சாரோட வண்டி இருக்கு. கார்புரேட்டர் இருந்தா சீக்கிரம் கெளப்பிடலாம்."

கார்புரேட்டர் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் ஆர்விலின் பக்கம் பார்க்கவும் இல்லை. அத்தனை பேரும் அப்படிப் பாடுபட்டுப் பார்க்காமல் இருந்ததுதான் அவனைச் சுட்டது.

கார்புரேட்டரைக் கொடுத்தால் நாளைக்கு அவன் வண்டி கிளம்பாது. புது ப்ரொப்பெல்லர் இருந்தும் கிளம்பாது. கப்பல்தான், கிடங்குதான், கொசுவலைதான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று நினைத்தான். அந்த ஒரு கணத்துக்காகப் பிற்பாடு அவன் தன்னையே திட்டிக்கொண்டதுண்டு.

"என்னடா எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்று கத்தினான். தானே ஏறி இயந்திர மூடியைத் திறந்தான். "சார்ஜென்ட், ஸ்பானரக் கொண்டாங்க! டூயி அங்க விறைச்சுக்கிட்டுக் கெடக்கான்!"

மட்டுசெக்கின் ஆட்கள் பாய்ந்தார்கள். இங்கே கழற்றினார்கள், அங்கே மாட்டினார்கள். ஹார்லனின் வண்டி இருமியது, புகைந்தது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. ஆர்வில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

பாராசூட் பை ஒன்று அவன் நெஞ்சில் வந்து மோதியது.

"ஏறு," என்றான் ஹார்லன்.

"உன் வண்டிடா."

"கடைசித் துண்டு யாருது?"

"டேய், வெளயாடற நேரமா இது?"

"யாருடா வெளயாடறா? சட்டம்னா சட்டம். ஒரு ஓட்டை டயருக்கு நான் உன் வண்டியில ஏறினேன்ல? ஏறித் தொலை." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பனிக்குள்ள நான் போனா டூயியையும் கண்டுபிடிக்க மாட்டேன், என் உயிரையும் கொண்டுவர மாட்டேன். எனக்குத் தெரியாதா? நீ போ, உழவரே."

ஆர்வில் ஏறினான். ஏறி உட்கார்ந்ததும் கப்பலும் கிடங்கும் அவனுக்கு மறந்துபோயின.

எரிமலைத் தீவின் மேல் மேஜர் மேகத்துக்கு மேலே நின்றுகொண்டார். ஆர்வில் கீழே இறங்கினான். முன்னால் ஒன்றும் தெரியவில்லை. நேர் கீழே அலை உடையும் வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. அதுபோதும். அந்தக் கோட்டை இடது இறக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கரை வளைந்த இடத்தில் தானும் வளைந்து, நீண்ட இடத்தில் நீண்டு போனான். ஊரில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு போன அதே வழிதான்.

மூன்றாவது வளைவில் கருமணல் மேல் வெள்ளையாக ஒரு துணி. பாராசூட்டைப் போர்த்திக்கொண்டு ஓர் உருவம் எழுந்து, ஒரு பூட்ஸைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றியது.

"இருக்கான்! ஐயா, இருக்கான்! பூட்ஸத் தூக்கிக் காட்டறான், பைத்தியக்காரப் பய!" ரேடியோவில் அவன் போட்ட கூச்சல் தளம் இருந்த தீவு வரைக்கும் கேட்டது. சிரித்தானா அழுதானா என்று அவனுக்கே தெரியவில்லை. கம்பளியும் சாப்பாடும் அடங்கிய அவசர மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு, படகு அந்த வளைவுக்குள் நுழைந்து டூயியைத் தூக்கி ஏற்றும்வரை தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தான்.

திரும்பியபோது ஓடுபாதையில் பனி தவழ்ந்தது. பக்கவாட்டுக் காற்று மறுபடியும் வந்து அறைந்தது. "போன தடவ ஏமாந்தேன், இப்ப வா பாக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே இறக்கையைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தெறிக்க இறக்கினான். ஹார்லன் ஓடி வந்து முதலில் தன் வண்டியைச் சுற்றிப் பார்த்தான். பிறகுதான் கட்டிப்பிடித்தான்.

அப்போதுதான் ஆர்வில் தன் இடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

அங்கே ஒரு கூடு நின்றது. ப்ரொப்பெல்லர் பெட்டி இல்லை. வால்சக்கரம் இல்லை. எண்ணெய்க் குளிர்விப்பான் இருந்த இடத்தில் நாலு குழாய்கள் தொங்கின. உட்கார்ந்து பறந்த இருக்கையைக்கூட விடவில்லை, படுபாவிகள்.

"சார்ஜென்ட்!" என்று கத்தினான். "மனுசங்களா நீங்க? அவனத் தேடத்தானேய்யா போனேன்!"

மட்டுசெக் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "வண்டிய விட்டுட்டு எழுந்து போனீங்க, சார். சட்டம்."

ஆர்வில் கூடாரத்துக்குப் போய்ப் படுத்தான். மறுநாள் பையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். கப்பல் சங்கு ஊதியது. டூயியை விரல்களில் கட்டோடு ஸ்ட்ரெச்சரில் கப்பலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். மேஜர் ஓடுபாதை ஓரத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் நேற்றுவரை நொண்டிக்கொண்டிருந்த மூன்று வண்டிகளும் வரிசையாக இயந்திரம் சூடேறி நின்றன.

"ஐயா, கப்பலுக்குப் போறேன்," என்றான் ஆர்வில்.

"போகலாம். சார்ஜென்ட் ஏதோ சொல்லணும்ங்கறார்."

மட்டுசெக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "மூணு வண்டியும் தயார் ஐயா. முதல் வண்டிக்குக் கடைசியா மாட்டினது ப்ரொப்பெல்லர். எடுத்தவன் நான்தான், ஆனா எனக்குப் பறக்கத் தெரியாதே, அதனால கொடுத்த கணக்கு ஸ்டென்ருட் சாருக்கு. ரெண்டாவதுக்கு எண்ணெய்க் குளிர்விப்பான். அதுவும் அவருது. மூணாவதுக்கு வால்சக்கரம். நேத்து அவர் மேல இருக்கும்போது, மத்த வேலையெல்லாம் முடிச்சுட்டு, கடைசியா அவரோட சாமானத்தான் மாட்டணும்னு பசங்ககிட்ட சொல்லி வெச்சேன். மூணு முதல் பறப்பும் அவருக்குப் பாக்கி. பாக்கிய முடிக்காம ஒரு விமானிய எப்படிங்க ஐயா கப்பலேத்துறது?"

ஹார்லன் வானத்தைப் பார்த்தான். "சட்டம்னா சட்டம். ஆனா இந்தப் பனியில மூணையும் முடிக்க ஒரு வாரம் ஆகுமே. கப்பல் நிக்காதே, பாவம்."

"அப்புறம் என் எடம் காலியாத்தானே இருக்கு!" என்று ஸ்ட்ரெச்சரிலிருந்து டூயி கத்தினான். "அதையும் அவனுக்கே குடுங்க ஐயா!"

மேஜர் சிரிப்பை மறைக்க மூக்கைச் சிந்தினார். ஆர்விலுக்கு மூன்று வண்டிகளும் கலங்கலாகத் தெரிந்தன. பையைச் சேற்றில் போட்டான். எங்கிருந்தோ மட்டுசெக் அவனுடைய பழைய இருக்கையைக் கொண்டுவந்து முதல் வண்டியின் பக்கத்தில் வைத்தார், ஏறுவதற்குப் படியாக.

"எந்த வண்டி முதல்ல, ஸ்டென்ருட்?" என்றார் மேஜர்.

"என்னுதுதான் ஐயா," என்று மூன்றையும் காட்டினான் ஆர்வில்.